கூரை மின்சாரமும் சர்க்கார் மானியமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையில் வழக்கமாகக் கம்பரும் இளங்கோவடிகளும் பேசப்படுவார்கள். திருக்குறளில் ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு புலவர் பெருமக்கள் விரித்துரைப்பார்கள். அத்தகைய இடத்தில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளாக ரயில்வே கணக்குப் பிரிவில் கூட்டலும் கழித்தலும் செய்துகொண்டிருக்கும் நம்மை நிறுத்தி, சோலார் மானியத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்துவிட்டார். இலக்கியம் கேட்கும் ஆவலோடு வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால் சில மாதங்களாக மணிநகரில் நம்மவர் குடியிருக்கும் சொசைட்டிகளில், மாடிப்படியிலும் பால் வாங்கும் இடத்திலும், இதைத் தவிர வேறு பேச்சு இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். நம் சொசைட்டியிலேயே, தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் மாற்றிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் இதன் பொருட்டு ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தியிருக்கின்றன என்பதும் தெரியும். ஆகவே இந்த மானியம் நாட்டுக்குத் தகுந்த செலவுதானா, தகும் என்றால் யாருக்குக் கொடுத்தால் தகும் என்பதை நமக்குத் தெரிந்த கணக்கைக் கொண்டு பார்க்கலாம் என்று துணிந்தோம்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறோம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மத்திய சர்க்கார் 'பிரதம மந்திரி சூர்ய கர் முஃப்த் பிஜ்லி யோஜனா' என்னும் திட்டத்தை அறிவித்தது. 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளின் கூரைமீது சூரிய மின் தகடுகள் ஏற வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அதற்கு மதிப்பிட்ட தொகை 75,021 கோடி ரூபாய். ஒரு கோடி வீட்டுக்கும் பங்கிட்டுப் பார்த்தால் வீடு ஒன்றுக்குச் சுமார் 75,000 ரூபாய் ஆகிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் வைத்தாலும் 78,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பணத்தை முதலில் நாம் கட்ட வேண்டும். தகடு ஏறி, மீட்டர் மாற்றி, பார்வையிட்டு முடிந்த பிறகே மானியம் நமது வங்கிக் கணக்கில் வந்து சேரும். ஈடு கேளாமல் கடன் தரும் வங்கிகளும் உண்டு.

'முஃப்த்' என்ற சொல்லுக்கு இலவசம் என்று பொருள். வம்பு ஆரம்பமாவதே அந்தச் சொல்லில்தான். கையிலிருந்து ரொக்கம் போடுகிறவனுக்குக் கிடைப்பதை இலவசம் என்று பெயரிட்டுவிட்டால், கிடைக்காதவன் மனம் ஏன் புகையாது?

நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் இந்தக் குஜராத்து மாநிலம் இவ்விஷயத்தில் மற்ற மாநிலங்களை முந்திக்கொண்டுவிட்டது. 2022 அக்டோபரில் மேசாணா மாவட்டத்து மோடேரா, இரவும் பகலும் சூரிய மின்சாரத்தால் இயங்கும் நாட்டின் முதல் கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. சோலங்கி அரசர் காலத்துச் சூரியன் கோயிலுக்குப் பேர்போன ஊர் அது. நம்மில் பலர் பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ப் படிக்குளத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டு வந்திருக்கிறோம். இப்பொழுது போனால் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின்மேல் தகடுகளைக் காணலாம். புதிய திட்டம் வந்து ஓராண்டு கழிந்து, 2025 மார்ச்சில், நாடு முழுவதும் பத்து இலட்சம் வீடுகளில் தகடு ஏறிவிட்டது என்று அறிவித்தார்கள். அப்பொழுதும் முதலிடம் குஜராத்துக்கே.

இதற்கு முன் நடந்ததையும் மறைக்கக்கூடாது. 2015-ஆம் ஆண்டில், 2022 முடிவதற்குள் கூரைமேல் மட்டும் 40,000 மெகாவாட் வைப்போம் என்று குறி வைத்தார்கள். 2022 முடிந்தபோது அதில் கால்பங்குகூடத் தேறவில்லை. மக்களுக்கு வெயில் பஞ்சமில்லை. கையில் முதல்தான் பஞ்சம். இந்தத் தகடு ஒரு விசித்திரமான சரக்கு. இருபத்தைந்து ஆண்டுக்கு வேண்டிய மின்சாரத்தின் விலையை இன்றே மொத்தமாகக் கீழே வைக்கச் சொல்லுகிறது. மாதச் சம்பளக்காரன் இருபத்தைந்து ஆண்டு அரிசியை ஒரே நாளில் வாங்கி வைப்பானா? மானியம் என்பது இந்த முட்டுக்கட்டையைத் தள்ளுவதற்காக ஏற்பட்டது. அதை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வரும் கணக்கு எளிதாக விளங்கும்.

நிற்க. தகட்டின் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழல்படாத இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் கிடைக்கும். சூடு அதிகமானால் மின்சாரம் அதிகமாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. தகடு உண்பது ஒளியை. சூடு ஏற ஏற அதன் சக்தி சிறிது குறையவே செய்யும். நம் ஊர்த் தூசியும் அதற்குப் பகை. பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். உத்தராயணப் பண்டிகையன்று காற்றாடி நூலும் கல்லும் கட்டையும் மாடிக்கு வருவதையும், புறாக்கள் தகட்டின் அடியில் கூடு வைப்பதையும் கம்பெனிக்காரர் தரும் காகிதத்தில் அச்சிடமாட்டார்கள்.

மற்றொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். மின்கலம் இல்லாமல் வைக்கும் சாதாரணத் தகடு, தெருவில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வீட்டில் மின்விசிறி சுற்றாது. இதைக் கேட்டுச் சில தாய்மார்கள் 'இதற்கா இவ்வளவு பணம்?' என்று சலித்துக்கொண்டார்கள். காரணம் இருக்கிறது. தெருக் கம்பியில் ஏறி ஒருவன் பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவன் உயிர் போய்விடும். ரயில்வேக் குடும்பங்களுக்கு இது எளிதில் புரியும். மேல்கம்பியில் 'பவர் பிளாக்' வாங்காமல் எந்தத் தொழிலாளியும் கை வைப்பதில்லை அல்லவா? அதுபோன்ற ஏற்பாடுதான்.

இனி ஆட்சேபணைக்கு வருவோம். சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, 'உன் வீட்டு விளக்கு எரிய என் வரிப்பணம் எதற்கு?' என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிக்கத்தக்க கேள்வியன்று அது. வருமான வரி கட்டாத ஏழையும் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறான். அந்தப் பணமும் இந்த 75,021 கோடியில் கலந்திருக்கிறது.

ஆனால் பெரியவரும் நாமும் நவஜீவன் எக்ஸ்பிரசில் சென்னைக்குப் போய் வருகிறோமே, அந்தப் பயணச்சீட்டைத் திருப்பிப் பார்த்ததுண்டா? பயணச் செலவில் சராசரி 57 சதவிகிதமே ரயில்வேக்கு வசூலாகிறது என்று சில ஆண்டுகளாகச் சீட்டிலேயே அச்சிட்டு வந்தார்கள். மீதியை யார் கொடுக்கிறார்கள்? பெரும்பகுதியைச் சரக்கு வண்டி கொடுக்கிறது. சரக்கில் எடைப்படி ஏறக்குறையப் பாதி நிலக்கரி. சரக்குக் கட்டணத்தைத் தூக்கி வைத்து, அந்த இலாபத்தைக் கொண்டு பயணிகளின் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். அந்தக் கரியை வாங்கும் அனல் மின்நிலையம் ஏற்றுக்கூலியை மின்கட்டணத்தில் சேர்க்கிறது. ஆகவே ரயில் ஏறாதவனும் தன் வீட்டு விளக்கைப் போடும்போது நமது சென்னைப் பயணத்துக்கு ஒரு சிறு தொகை செலுத்துகிறான். இது நம் இலாகாவின் சோறு. அதைக் குறைவாகப் பேச நமக்கு வாய் வராது. மானியம் என்பது எங்கோ தூரத்தில் பிறர் வாங்கும் தானம் என்று எண்ண வேண்டா என்பதற்காகச் சொன்னோம். எல்லோரும் எல்லோருக்கும் சிறிது சிறிது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எனவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது, சேர்ந்த இடத்தில் மானியம் இல்லாவிட்டால் நடந்திராத காரியம் ஒன்றை நடத்துகிறதா என்பதே.

இதற்குத்தான் கணக்கு. மானியத்துக்கென்று சர்க்கார் வைத்துக்கொண்ட அடிப்படை விலை, முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய், மூன்றாவதற்கு 45,000. கடைவிலை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மானியம் வேண்டுமானால் உள்நாட்டில் செய்த செல்களைக் கொண்ட தகடாக இருக்க வேண்டும் என்ற விதியும் விலையைச் சிறிது ஏற்றுகிறது. ஆயினும் கணக்குக்கு இந்த எண்களையே வைத்துக்கொள்வோம்.

சிறு குடும்பம் ஒன்று. இரண்டு விசிறி, நான்கு விளக்கு, ஒரு குளிர்ப்பெட்டி. மாதம் 120 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். குறைவாகச் செலவழிப்பவர்களுக்கு யூனிட் விலையும் குறைவு. 5 ரூபாய் என்று வைப்போம். ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு 1,400 யூனிட் கொடுத்தால் மிச்சம் 7,000 ரூபாய். மானியம் இல்லையேல் 50,000 ரூபாய் திரும்பி வர ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். மானியம் கிடைத்தால் கைப்பணம் 20,000. மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

பெரிய குடும்பம் ஒன்று. இரண்டு அறையில் ஏசி. மாதம் 350 யூனிட். அவர்களுக்கு யூனிட் விலை 7 ரூபாய் என்று வைப்போம். மூன்று கிலோவாட் ஆண்டுக்கு 4,200 யூனிட் தந்தால் மிச்சம் 29,400 ரூபாய். முழு விலை 1,45,000. மானியம் ஒரு பைசாக்கூட இல்லாமலே ஐந்து ஆண்டில் முதல் வந்துவிடுகிறது. மீதி இருபது ஆண்டும் ஆதாயம். 78,000 ரூபாய் மானியமும் கொடுத்தால் இரண்டே கால் ஆண்டில் வந்துவிடும்.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வீட்டுக்காரர் வங்கியில் வைப்புநிதி போடுகிறவர், கணக்குத் தெரிந்தவர். மானியம் இல்லாவிட்டாலும் இன்றில்லாவிடில் நாளை தகடு வைப்பார். அவருக்குக் கொடுக்கும் 78,000 ரூபாய், ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட வண்டியைப் பின்னால் நின்று தள்ளுவது போன்றது. சிறு வீட்டுக்காரரோ 30,000 ரூபாய் இல்லாவிட்டால் ஒருநாளும் வைக்கமாட்டார். ஒரு கிலோவாட்டுக்குத் தரும் மானியம் நூற்றுக்கு நூறு தகும் என்றும், மூன்று கிலோவாட்டுக்குத் தருவதில் ஒரு பகுதி வீண் என்றும் நாம் கருதுவது இதனால்தான். உச்சவரம்பு என்று ஒன்று வைத்தவர்கள் புத்திசாலிகள். அதை இன்னும் சிறிது கீழே வைத்திருக்கலாம். 2015-இல் வசதி படைத்தவர்கள் சமையல் வாயு மானியத்தைத் தாமாக விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. தகட்டு விஷயத்தில் யாரும் அவ்வாறு கேட்கக் காணோம்.

மானியத்துக்கு ஒரு முடிவுநாளும் வேண்டும். ஜெர்மனி தேசத்தார் 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்து, கூரையில் விளையும் மின்சாரத்தை நல்ல விலைக்கு வாங்கினார்கள். அந்தச் செலவு அங்குள்ள எல்லாக் குடும்பங்களின் மின்கட்டணத்திலும் ஒரு தனித் தொகையாக ஏறியது. இருபது ஆண்டுக்கு மேல் சுமந்து, 2022 ஜூலையில்தான் அதைக் கட்டணத்திலிருந்து எடுத்தார்கள். அவர்கள் வாங்கத் தொடங்கியதனால் சீனர்கள் பெரும் தொழிற்சாலைகள் வைத்தார்கள். தகட்டின் விலை உலகமெங்கும் சரிந்தது. நம் நாட்டில் 2010 டிசம்பர் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் சராசரி 12 ரூபாய்க்கு மேல். 2020 டிசம்பரில் இதே குஜராத்தில் நடந்த ஏலத்தில் 1 ரூபாய் 99 பைசா. ஜெர்மன் குடும்பங்கள் கொடுத்த பணத்தின் பலனை மணிநகரில் இருந்துகொண்டு நாம் அனுபவிக்கிறோம். சரக்கு விலை குறைந்த பின்பும் மானியத்தைப் பழைய அளவிலேயே கொடுத்துக்கொண்டிருப்பது கணக்குக்கு ஒவ்வாது.

மானியமே இல்லாமல் பரவிய ஒன்றும் நம் கண்முன் இருக்கிறது. எல்.ஈ.டி. விளக்கு. 2014-இல் மொத்தக் கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த விளக்கு, சர்க்கார் நிறுவனம் கோடிக்கணக்கில் சேர்த்து வாங்கியதால் 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. மின்கட்டண அலுவலக வாசலில் வரிசையில் நின்று வாங்கினோமே, நினைவிருக்கிறதா? ஒன்றாகச் சேர்ந்து வாங்குவதற்கு அத்தனை பலம் உண்டு. இதைப் பின்னால் சொசைட்டிக் கணக்கில் பயன்படுத்தப் போகிறோம்.

பலமான ஆட்சேபணை ஒன்று பாக்கி இருக்கிறது. கட்சுப் பாலைவனத்தில் இரண்டு ரூபாய்க்கு மின்சாரம் விளையும்போது, நகரத்துக் கூரையில் மானியம் கொடுத்துச் சின்னச் சின்னதாக ஏன் விளைவிக்க வேண்டும்? காவ்டாப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தகடு போடுகிறார்களே! இதற்கு நம் விடை: இரண்டு ரூபாய் என்பது பண்ணை வாசலில் விலை. அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் கோபுரம் நட்டுக் கம்பி இழுத்து, வழியில் சிந்தியது போக நம் வீட்டு மீட்டருக்கு வரும்போது விலை வேறு. கூரைக்கு நிலம் வேண்டா, கோபுரம் வேண்டா. இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமானால், ரூபாய்க்கு எத்தனை யூனிட் என்று மட்டும் கேட்டால் பாலைவனமே ஜெயிக்கும். கூரைக்கு மானியம் கொடுப்பதன் நியாயம், அது ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாதச் செலவைக் குறைக்கிறது என்பதில் இருக்கிறது. பாலைவனத்துப் பண்ணையின் இலாபம் முதலாளிக்குப் போகும். கூரையின் இலாபம் குடும்பத்தாருக்கு. அப்படியானால் எந்தக் குடும்பத்துக்கு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

இங்கேதான் நமக்கு உறுத்துகிறது. திட்டத்தின் விதிப்படி தகடு வைக்கத் தகுந்த கூரையுடன் சொந்த வீடு வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். நம் தாத்தா பாட்டன்மார் பலர் பஞ்சாலை வேலைக்கு இவ்வூருக்கு வந்தவர்கள். அவர்கள் சந்ததியில் ஒரு பகுதி இன்றும் தகரக் கூரை போட்ட சாலில் இருக்கிறது. தகரம் தகட்டின் பாரத்தைத் தாங்குமா என்பது ஒருபுறம் இருக்க, மனைப் பத்திரம் யார் பெயரில் என்றால் பதில் இல்லை. ரயில்வே குவார்ட்டர்சில் இருப்பவர்களுக்குக் கூரை சர்க்காருடையது. மூன்று ஆண்டுக்கு ஒரு மாற்றல். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் கூரையில் தம் பணத்தைப் போடுவாரா? வீட்டுக்காரரோ வாடகைக்காரர் கட்டும் பில்லைக் குறைக்கத் தம் பணத்தைப் போடுவாரா? ஆக, மாதக் கடைசியில் மின்கட்டணத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதிரவன் எட்டாதவனாகவே இருக்கிறான்.

அதோடு நிற்கவில்லை. தகடு வைத்தவர் பகலில் மிஞ்சியதைக் கம்பிக்குள் விட்டு, இரவில் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். அவருடைய பில் சுருங்கிவிடுகிறது. ஆனால் கம்பமும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் அவற்றைக் காக்கும் தொழிலாளியின் சம்பளமும் சுருங்குவதில்லை. பயணி குறைந்தாலும் தண்டவாளச் செலவு குறையாது என்பது போல. தகடு வைத்தவர்கள் சிலராக இருக்கும்வரை இது தெரியாது. பலராகும்போது அந்தச் செலவு தகடு வைக்க முடியாதவர்கள் தலையில் மெல்ல இறங்கும். சாலில் இருப்பவர் தகட்டுக்கு வரி மூலம் ஒருமுறை கொடுத்தார். கட்டணம் மூலம் மறுமுறை கொடுப்பார். இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. டில்லியில் 2019-இல் ஒரு விதி செய்தார்கள். ஓரிடத்தில் தகடு வைத்து, அதில் விளைந்ததைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பங்கிட்டுக் கழிக்கலாம் என்பது அதன் சாரம். கூரை இல்லாதவரும் பங்கு வாங்கலாம். நம் பக்கத்துக் காந்திநகரில் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு முறை நடந்தது: கம்பெனி தகடு வைக்கும், கூரையைக் கொடுத்தவருக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் வாடகை. பள்ளிக்கூடம், சந்தை, ரயில் நிலையம் இவற்றின் கூரையில் விளைவதைச் சால் மக்களின் மீட்டருக்குப் பங்கிட்டால், மானியம் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். சங்கத்தின் பெயரால் இப்படி ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மனு எழுதுவதில் நமக்குப் பழக்கம் உண்டு.

இப்பொழுது நம் சொசைட்டியின் மொட்டைமாடிக்கு ஏறுவோம். சண்டை அங்கேதானே.

முப்பத்திரண்டு வீடு. ஒரே மாடி. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, படிக்கட்டு, அவற்றின் நிழல் இவை போக 1,500 சதுர அடிதான் தகட்டுக்குத் தேறும். பதினைந்து கிலோவாட். மேல்மாடிக் குடும்பம் ஒன்று மூன்று கிலோவாட்டுக்கு மனுச் செய்ய அனுமதி கேட்டிருக்கிறது. இன்னும் நான்கு குடும்பங்கள் காத்திருக்கின்றன. ஐந்து குடும்பமும் வைத்துவிட்டால் மாடி தீர்ந்தது. ஐந்து வீட்டுக்கு மானியம் 3,90,000 ரூபாய். மீதி இருபத்தேழு வீட்டுக்கு ஒன்றும் இல்லை. 'மே மாதத்துச் சூட்டையும் மழைக்காலத்து ஒழுக்கையும் நாங்கள்தானே தாங்குகிறோம்?' என்று மேல்மாடியார் கேட்கிறார்கள். 'வீடு வாங்கும்போது மாடிக்கும் சேர்த்துத்தானே நாங்கள் பணம் கொடுத்தோம்?' என்று கீழ்வீட்டார் கேட்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் திட்டத்தில் அதிகம் பேர் படிக்காத ஒரு பிரிவு உண்டு. குடியிருப்போர் சங்கங்களும் வீட்டு சொசைட்டிகளும் லிஃப்ட், பம்ப், மாடிப்படி விளக்கு போன்ற பொது உபயோகத்துக்குத் தகடு வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். நம் பொது மீட்டர் மாதம் ஏறத்தாழ 1,000 யூனிட் ஓடுகிறது. ஒன்பது கிலோவாட் வைத்தால் அது அடங்கிவிடும். கிலோவாட் 50,000 ரூபாய் வீதம் விலை 4,50,000, மானியம் 1,62,000, மீதி 2,88,000. முப்பத்திரண்டு வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 9,000 ரூபாய். யூனிட் இடைநிலையாக 6 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 75,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். நான்கு ஆண்டுக்குள் முதல் திரும்பும். அதன்பின் பராமரிப்புத் தொகையைக் குறைக்கலாம். பதினோரு வீட்டில் வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள். பராமரிப்புத் தொகையைக் கட்டுகிறவர்கள் அவர்கள்தாம். ஆகையால் குறைப்பின் பலன் அவர்களுக்கும் போகும். மேல்மாடியார் தலைக்குமேல் தகடு நிழல் தருவதால் அவர்கள் அறையும் சிறிது குளிரும். அது அவர்களுக்குத் தனி ஆதாயம். அதற்கு யாரும் பில் போட வேண்டா.

தனித்தனியாக வைத்தால் மானியத்தொகை கூடுதலாகக் கிடைக்குமே என்று சிலர் வாதிக்கிறார்கள். கிடைக்கும். 3,90,000 எங்கே, 1,62,000 எங்கே! ஆனால் சர்க்கார் பணத்தை அதிகம் வாங்குவது ஒன்றையே இலாபம் என்று நாம் எண்ணவில்லை. இந்த ஐந்து குடும்பங்களும் மானியம் இல்லாமலே தகடு வைக்கக் கூடியவர்கள் என்பதும் மறைபொருளன்று. ஒன்பது கிலோவாட் போக 600 சதுர அடி மிஞ்சும். அதில் இருவர் தனியாக வைக்கலாம். அந்த இருவரைக் குலுக்கல் முறையில் எடுப்பதா, மாதம் 150 யூனிட்டுக்குக் குறைவாக எரிக்கும் வீட்டுக்கு முதல் உரிமை கொடுப்பதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். நமது வாக்கு இரண்டாவதற்கு. அல்லது ஒருவரும் வைக்காமல் அந்த இடத்தை உத்தராயணத்துக்கும் துணிக்கொடிக்கும் விட்டுவைத்தாலும் நமக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் காற்றாடி விட ஒரு மூலையாவது வேண்டாமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மாடியை அளக்கப் போகிறோம். ஒரு தகட்டில் நிழல் விழுந்தால் அதனோடு வரிசையாக இணைத்த மற்றவையும் சோர்ந்துவிடும். ஆகவே தொட்டியின் நிழல் காலை எட்டுக்கும், நடுப்பகலிலும், மாலை ஐந்துக்கும் எங்கெங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வைக்க வேண்டும். மூன்று வேளைக்கும் மூன்று பேர் தேவை. நாற்பதடி நாடா நம்மிடம் இருக்கிறது. பேசாமல் இருக்கும் இரு குடும்பத்துப் பெரியவர்களும் நாடாவின் இரு முனையைப் பிடிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். கூழ் வற்றலோ வடகமோ மாடியில் காயப் போட்டிருக்கும் தாய்மார்கள் அன்று ஒருநாள் மட்டும் அவற்றைக் கீழே எடுத்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.